டொயோட்டா 86-க்கு எங்கெய் ஆர்பிஎஃப்1: 17×8 யாருக்கு, 17×9 யாருக்கு?

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட், 2021-இல் அறிமுகமான ஜிஆர்86 ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். இந்தக் கார்களுக்கு வீல் மாற்ற நினைப்பவர்கள் விசாரிக்கத் தொடங்கியதும் முதலில் காதில் விழும் பெயர் எங்கெய் ஆர்பிஎஃப்1. அந்தப் பெயருக்குத் தகுந்த வீல்தான் அது. ஆனால் வாங்குபவர்களில் பலர் தவறான அகலத்தில் வாங்குகிறார்கள், தவறான டயரைப் போடுகிறார்கள், பிறகு உரசுகிறது, அதிர்கிறது என்று வீலைக் குறை சொல்கிறார்கள். தினசரி ஓட்டும் 86-க்கு 17×8, +45 ஆஃப்செட், 225/45 ஆர்17 டயர் என்பதே எங்கள் பரிந்துரை. (17×8 என்பது அங்குலத்தில் வீலின் விட்டமும் அகலமும். 225/45 ஆர்17 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம், அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம், வீலின் விட்டம். ஆஃப்செட் என்னவென்று கீழே பார்ப்போம்.) 17×9 ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்கானது. அதற்குக் காரின் மற்ற பாகங்களிலும் வேலை செய்தாக வேண்டும்.

முதலில் வீலைப் பற்றி. எங்கெய் ஜப்பானிய நிறுவனம். 1995 முதல் மெக்லாரன் ஃபார்முலா 1 அணிக்கு வீல் செய்து கொடுத்தது. ஆர்பிஎஃப்1 முழுக்க ஃபோர்ஜ் செய்த (திட உலோகத்தைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி உருவாக்கிய) வீல் அல்ல. நடுப்பகுதியையும் ஆரங்களையும் வார்த்தெடுத்து, வெளிவட்டத்தைச் சூடாக்கி, உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். இப்படி அழுத்தப்பட்ட உலோகம் சாதாரண வார்ப்பைவிட உறுதியாக இருப்பதால் வட்டத்தை மெல்லியதாகவே விட முடிகிறது. எடை குறைவதன் ரகசியம் இதுதான். 17×8 வீல் ஒன்று ஏறத்தாழ 7.3 கிலோ வரும். 17×9-உம் கிட்டத்தட்ட அதே எடைதான். முதல் தலைமுறை 86-இன் கம்பெனி வீல் 17×7 அளவிலேயே 9 கிலோவைத் தாண்டும். ஆக ஒரு சக்கரத்துக்கு 2 கிலோ அளவுக்கு மிச்சமாகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்பதால் மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டு எழும்புவது குறைகிறது. ஸ்டீயரிங் திருப்பும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் இது கையிலும் காலிலும் தெரியும்.

ரேஸ் (RAYS) என்ற வீல் நிறுவனத்தின் டிஇ37 போன்ற ஃபோர்ஜ் வீல்கள் இதைவிட உறுதியானவைதான். ஆனால் விலை இரு மடங்கோ அதற்கு மேலோ போகும். அந்த வித்தியாசப் பணத்தில் நல்ல டயர் ஒரு செட்டே வாங்கிவிடலாம் என்பதால் சாலைக் காருக்கு ஆர்பிஎஃப்1 பக்கமே மனம் சாய்கிறது.

குறைகளும் உண்டு. மெல்லிய வட்டம் என்பதால் குழியில் வேகமாக விழுந்தால் உள்பக்க விளிம்பு வளையும். டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு. ஆரங்கள் விளிம்புவரை நீண்டு வருவதால் நடைபாதைக் கல்லில் உரசினால் வட்டத்தோடு ஆரமும் சேர்ந்து கீறும். நட் உட்காரும் குழிகள் குறுகலானவை. சாதாரணத் தடித்த சாக்கெட்டை நுழைத்தால் குழியின் சுவரில் பெயின்ட் பெயரும். மெல்லிய சுவர் கொண்ட சாக்கெட் ஒன்றை வாங்கிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டயர் கடைக்காரரிடமும் அதையே கொடுங்கள்.

போலிகள் ஏராளம். ஜப்பானிய வீல்களில் இருக்கும் ஜேடபிள்யூஎல் (JWL) என்ற தர முத்திரையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். அது தயாரிப்பாளர் தாமே சோதித்துத் தாமே பொறித்துக்கொள்ளும் முத்திரை. விஐஏ (VIA) முத்திரைதான் வெளி அமைப்பு சோதித்துப் பதிவு செய்ததைக் காட்டுவது. அதையும் அச்சில் வார்த்துவிட முடியும் என்பதால் எல்லாவற்றையும்விட எளிய சோதனை, தராசு. பயணப்பெட்டி எடைபோடும் கைத்தராசில் டயர் இல்லாத வீலைத் தொங்கவிடுங்கள். 17×8 வீல் 9 கிலோ காட்டினால் அது ஆர்பிஎஃப்1 அல்ல.

இனிப் பொருத்தம். இந்தக் காரின் பிசிடி (நட் ஓட்டைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் மி.மீ. விட்டமும்) 5×100. நடு ஓட்டை 56.1 மி.மீ. நட் ஏறும் திருகான ஸ்டட் 12×1.25 மரை (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ.). கடைசி எண்தான் அதிகம் பேரை மாட்டிவிடுகிறது. காரின் மூக்கில் டொயோட்டா சின்னம் இருப்பதால், மற்ற டொயோட்டாக்களில் வரும் 12×1.5 நட்டைக் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் காரின் ஹப்பும் (வீல் மாட்டும் நடுப்பாகம்) ஸ்டட்டும் சுபாரு வழியில் வந்தவை. 1.5 நட் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறுவதுபோல் தோன்றிப் பிறகு இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்து ஓட்டினால் ஸ்டட்டின் மரை போய்விடும். நட்டை விரலால் சுழற்றி அடிவரை இறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். நட்டின் அடிப்பாகம் 60 டிகிரி கூம்பாக இருக்க வேண்டும். ஹோண்டா கார்களில் வரும் உருண்டை அடி நட் இதில் முழுதாக உட்காராது. இறுகியதுபோல் காட்டிவிட்டு ஓட்டத்தில் தளரும்.

பிசிடி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பழைய வீல் விற்கும் இடங்களில் "சுபாரு வீல்" என்று சொல்லி 5×114.3 வீலைக் காட்டுவார்கள். டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார் 2005 மாடலிலிருந்து அந்த அளவுக்கு மாறிவிட்டது. 86-க்கு அது சேராது.

ஆர்பிஎஃப்1-இன் நடு ஓட்டை 73 மி.மீ. அளவில் இருக்கும், காரின் ஹப்போ 56.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். வளையம் இல்லாமலும் கூம்பு நட்டுகள் வீலை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். ஐந்து நட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் சரியான வரிசையில் கையால் இறுக்கினால் அது உண்மை. அவசரமாக மாட்டும் இடத்தில் அது நடப்பதில்லை. வீல் மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் 90 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. வளையம் வாங்குமுன் வீலின் ஓட்டையை வெர்னியரில் அளந்துவிடுங்கள். அரை மி.மீ. தளர்ந்தாலும் வளையம் வெறும் அலங்காரம்தான். டிராக் ஓட்டத்துக்கு அலுமினிய வளையம் நல்லது, பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் உருகும். மழையும் உப்பும் மிகுந்த ஊரில் அலுமினிய வளையம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெல்லிய கிரீஸ் பூச்சு அவசியம்.

அடுத்தது ஆஃப்செட். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். கம்பெனி வீல் 17×7, +48. ரிம் அகலத்தில் பாதி 88.9 மி.மீ. அதோடு 48-ஐக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்பக்க விளிம்பு 136.9. கழித்தால் வெளிப்பக்க விளிம்பு 40.9. இதே கணக்கை 17×8, +45-க்குப் போட்டால் உள்ளே 146.6, வெளியே 56.6. அதாவது ரிம் உள்ளே 9.7 மி.மீ., வெளியே 15.7 மி.மீ. நகர்கிறது.

பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உரசுவது ரிம் அல்ல, டயரின் புடைத்த பக்கச்சுவர். டயரின் அகலம் எந்த ரிம்மில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். 215/45 ஆர்17 டயர் 7 அங்குல ரிம்மில் ஏறத்தாழ 213 மி.மீ. 225/45 ஆர்17 டயர் 8 அங்குல ரிம்மில் 230. பாதியாக்கி ஆஃப்செட்டைக் கூட்டிப் பாருங்கள். பழையது உள்ளே 154.5, புதியது 160. ஸ்ட்ரட் பக்கம் டயர் நெருங்குவது 5.5 மி.மீ. மட்டுமே. வெளியே 58.5-லிருந்து 70-க்கு, அதாவது 11.5 மி.மீ. நகர்கிறது. கம்பெனி சஸ்பென்ஷனோடு இருக்கும் காரில் இது இரு பக்கமும் நிம்மதியாக அடங்கும்.

245/40 ஆர்17 டயரை 17×9, +45 வீலில் மாட்டினால் அகலம் 253 மி.மீ. அளவுக்கு வரும். உள்ளே 171.5, வெளியே 81.5. பழைய நிலையிலிருந்து உள்ளே 17 மி.மீ., வெளியே 23 மி.மீ. ஒரே காரில் இரு பக்கமும் நெருக்கடி. முன்சக்கரத்தில் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே சில மி.மீ. மட்டுமே மிஞ்சும். காரைத் தாழ்த்தியிருந்தால் மேலே ஃபெண்டர் ஓரம் இடிக்கும். இதைச் சரிசெய்ய கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதியை உள்பக்கம் சாய்ப்பது) வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வழியில் கேம்பர் எடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பது சிலருக்கே தெரியும். ஸ்ட்ரட்டும், ஹப்பைத் தாங்கும் பாகமான நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டால் சக்கரத்தின் மேற்பகுதி ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும். மிச்சமிருந்த இடைவெளியும் போய்விடும். மேல் மவுன்டில் கேம்பர் பிளேட் போட்டால் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாய்வதால் இடைவெளி மாறாது. 17×9 போடுகிறவர்கள் கேம்பர் பிளேட்டுக்கும், முடிந்தால் உடல் மெலிந்த காயில்ஓவருக்கும் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். போல்ட் மலிவு என்று அதை வாங்கி, பிறகு உள்ளே உரசுகிறது என்று 5 மி.மீ. ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு) வாங்கி, அதனால் வெளியே இடிக்கிறது என்று ஃபெண்டரை மடக்குவது வீண்செலவு மேல் வீண்செலவு.

ஸ்பேசர் போட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்டட் நீளத்தைப் பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது பிடித்திருக்க வேண்டும். 1.25 மரையில் அது ஏறத்தாழ 10 முழுச் சுற்று. சுற்று குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டும். ஸ்பேசர் ஹப்பின் விளிம்பையும் விழுங்கிவிடும் என்பதால் நடு வளையம் பிடிக்க இடமில்லாமல் போவதும் உண்டு.

ஆஃப்செட்டைக் குறைத்து, +35 அல்லது அதற்கும் கீழே போட்டு, வீலை வெளியே தள்ளி நிறுத்துவது பார்வைக்கு அழகுதான். சக்கரத்தின் நடுக்கோடு 13 மி.மீ. வெளியே போகிறது. ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் பிடித்துக்கொண்டு கையை இழுக்கும். வீல் பேரிங் சுமையும் கூடும். +45-இல் நடுக்கோட்டு மாற்றம் 3 மி.மீ. மட்டுமே என்பதால் இந்தக் காரின் பெரும் சிறப்பான ஸ்டீயரிங் உணர்வு அப்படியே இருக்கிறது. டயர் ஃபெண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைச் சிங்கப்பூர் உள்படப் பல நாடுகளின் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக். முதல் தலைமுறை 86-இன் சாதாரண முன் டிஸ்க் 294 மி.மீ. அதற்கு 17 அங்குல ஆர்பிஎஃப்1 தாராளம். பிரெம்போ பிரேக் வந்த காரில் முன் டிஸ்க் 326 மி.மீ., நான்கு பிஸ்டன் கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்). அதற்கு 17 அங்குல வீல் எதுவானாலும் வாங்குமுன் கேலிப்பரின் உருவத்தை அட்டையில் வெட்டி, வீலின் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். வட்டத்துக்கும் கேலிப்பருக்கும் மட்டுமல்ல, ஆரத்தின் பின்புறத்துக்கும் கேலிப்பருக்கும் நடுவேயும் 3 மி.மீ. குறையாமல் வேண்டும். பேலன்சிங் ஈயம் ஒட்டும் இடத்தையும் கணக்கில் சேருங்கள். இந்த வீலில் ஒட்டும் எடைகள்தான் பொருந்தும். கேலிப்பருக்கு நேராக ஒட்டிவிட்டால் முதல் நாளே சுரண்டிக்கொண்டு விழும்.

டயருக்கு வருவோம். 2012-இல் இந்தக் கார் மிஷெலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17 டயரோடு வந்தது. அது சாதாரணக் குடும்பக் கார் டயர். குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கி விளையாட வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்தார்கள். உயர்ரக ஜிஆர்86-க்கு 18×7.5 வீலில் 215/40 ஆர்18 பைலட் ஸ்போர்ட் 4 கொடுத்தபோது அந்தக் காரின் பிடிப்பே வேறாகிவிட்டது. இதிலிருந்து தெரிவது, அகலத்தைக் கூட்டாமலே டயரின் ரப்பரை மாற்றினால் பெரிய வித்தியாசம் கிடைக்கும். பணம் குறைவாக இருந்தால் வீலைத் தள்ளிப்போட்டு டயரை மட்டும் மாற்றுங்கள்.

225/45 ஆர்17 நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் விட்டம். கம்பெனி டயரின் விட்டம் 625.3 மி.மீ. 225/45 வந்தால் 634.3, அதாவது 1.4 சதவீதம் கூடுதல். மீட்டர் காட்டும் வேகத்திலும் கியர் இழுவையிலும் பெரிதாகத் தெரியாது. 245/40 வந்தால் 627.8, கிட்டத்தட்ட அதே உயரம். செடான் கார்களில் வருவதால் மலிவாகக் கிடைக்கும் 235/45 ஆர்17-ஐத் தவிர்த்துவிடுங்கள். விட்டம் 643.3, கிட்டத்தட்ட 3 சதவீதம் உயர்வு. 200 குதிரைத்திறன் கொண்ட, கீழ் சுழற்சியில் ஏற்கெனவே இழுவை குறைந்த எஞ்சினுக்கு அது கூடுதல் பாரம். திருப்பத்தில் முன்சக்கரத்தின் பின்புற லைனரிலும் (சக்கரக் குழியின் உள் உறை), பம்பரும் ஃபெண்டரும் சேரும் முனையிலும் உரசும் வாய்ப்பும் கூடும். இரண்டாவது காரணம், 225/45 மிகப் பரவலான அளவு. எந்த ஊரிலும், எந்தத் தரத்திலும் கிடைக்கும்.

எடையையும் பாருங்கள். வீலில் 2 கிலோ மிச்சம் பிடித்துவிட்டு, கெட்டியான பக்கச்சுவர் கொண்ட 245 டயரைப் போட்டால் அதில் ஒன்றரை கிலோவரை திரும்ப ஏறிவிடும். அதுவும் சுழற்சியின் வெளி ஓரத்தில், எஞ்சினுக்கு மிகக் கனமாகத் தெரியும் இடத்தில். லேசான வீல் வாங்கியும் கார் சுறுசுறுப்பாகவில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எந்த டயர்? தினசரி ஓட்டத்துக்கும் மழைக்கும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5 அல்லது 4எஸ் வகை. ஈரத்தில் நம்பலாம், சத்தம் குறைவு. பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்றவை டிராக் பக்கம் சாய்ந்த டயர்கள். உலர்ந்த தார்ச்சாலையில் பிடிப்பு அபாரம். ஆனால் சீக்கிரம் தேயும், இரைச்சல் போடும், தேய்ந்த பிறகு தேங்கிய நீரில் வழுக்கும். டயரில் பொறித்திருக்கும் தேய்மான எண்ணை இரு கம்பெனிகளுக்கு நடுவே ஒப்பிடாதீர்கள். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே கொடுத்துக்கொள்கிறது. டொரான்டோ போன்ற குளிர் ஊரில் இருப்பவர்கள் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே கோடை டயரைக் கழற்றிவிட வேண்டும். ரப்பர் இறுகி, பனியே இல்லாத சாலையிலும் பிடிப்பு போய்விடும்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். நான்கும் ஒரே காலத்தில் செய்யப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள். சுமை எண் கம்பெனி டயரின் 87-க்குக் குறையக் கூடாது. 225/45 டயர்கள் 91 அல்லது 94-ஆக வருவதால் இதில் கவலை இல்லை.

மாட்டும் நாளில் அவசரம் வேண்டாம். ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள். துருத் துணுக்கு ஒன்று இடையில் மாட்டினாலும் வீல் கோணலாக நிற்கும். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. தடவினால் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபட்டு அறும். ஐந்து நட்டையும் கையால் இறக்கி, நட்சத்திர வரிசையில் முதலில் 60 நியூட்டன் மீட்டர், காரை இறக்கிய பிறகு 120 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

காற்று, முதல் தலைமுறை 86-இன் கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி முன்னும் பின்னும் 35 பிஎஸ்ஐ. 225 டயருக்கும் அதிலிருந்தே தொடங்கலாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, பின் இருக்கையில் இருவரை உட்காரவைத்து, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு லைனரில் பளபளப்பான கோடு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். 100 கி.மீ. ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, நட்டுகளை மறுபடி 120-க்கு இறுக்கிப் பார்க்க வேண்டும். புது வீலின் பெயின்ட் நட்டின் கூம்புக்கு அடியில் நசுங்குவதால் முதல் இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும். இதற்காகக் கடைக்குத் திரும்பப் போக முடியாதவர்கள் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.